ஆம்பூர் ஷூ ஷெட்டில் சால்சா

திங்கட்கிழமை, காலை ஏழே முக்கால், அரக்கோணம்

ஆம்பூருக்குப் போய்விட்டு வருகிறவர்கள் பிரியாணியைப் பற்றித்தான் எழுதுவார்கள். நானும் தின்றேன், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் நான் போனது அதற்கல்ல. அங்கே ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் தங்கை எஸ்தரை, வேலையை விடச் சொல்லி, பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு அழைத்து வரப் போனேன். அம்மாவின் உத்தரவு. வருஷம் எண்பத்தேழு, மாதம் பிப்ரவரி.

எங்கள் தெருவில் ஒருவர் தோல் பதனிடும் ரசாயனம் விற்க ஆம்பூர் பக்கம் அடிக்கடி போவார். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வரும்போது அம்மாவை நிறுத்தி, "உங்க எஸ்தர் கம்பெனியில சாயங்காலமானா வெள்ளைக்காரங்களோட ஜோடி போட்டு டான்ஸ் ஆடறாங்களாமே, அப்படியா?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. எங்கள் ஊரில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் உண்டு. ஒரு காலத்தில் ஆங்கிலோ இந்தியர்கள் அங்கே சனிக்கிழமைகளில் ஜோடி போட்டு ஆடுவார்கள். சின்ன வயதில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்ததற்காக விளக்குமாற்றால் அடி வாங்கியவன் நான். ஜோடி டான்ஸ் என்றால் அம்மாவுக்கு இன்னமும் அந்த இன்ஸ்டிட்யூட்தான் ஞாபகம்.

"போய்ப் பாரு. நெஜமா இருந்தா அப்படியே கையைப் புடிச்சு இட்டுக்கினு வந்துடு. ஒண்ணும் பேசாத" என்றாள்.

என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகன். ஜனங்கள் டி.டி.ஆர். என்பார்கள். சந்தேகப்படுவதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவன். லீவில் போனாலும் அந்தப் புத்தி போகாது. அன்றைக்கும் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும், எதிரே பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த ஆளை வாலாஜா ரோடு வரை முறைத்துக்கொண்டே வந்தேன். அவர் மடியிலிருந்து டிக்கெட்டை எடுத்துப் பார்த்து மறுபடி வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

காட்பாடியில் ஒரு லுங்கி வியாபாரி ஏறினார். குடியாத்தத்துக்காரர். சொந்தமாகப் பத்துப் பன்னிரண்டு தறி ஓட்டுகிறாராம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் டான்ஸ் நடக்கிறதாமே என்று மெதுவாக விட்டுப் பார்த்தேன்.

"டான்ஸா?" என்று சிரித்தார். "அங்க ஆடறதுக்கு இன்னா சார் நேரம் கீது? சூப்பர்வைசர் ஆட்டி வெப்பான், இவங்க ஆடுவாங்க. அத வேணா டான்ஸுன்னு சொல்லிக்கலாம்."

என் தங்கையே சூப்பர்வைசர்தான் என்று நான் சொல்லவில்லை. தெரியாத ஆளிடம் எதற்கு? குடியாத்தம் வந்ததும் அவர் மூட்டையோடு இறங்கிப்போனார்.

பகல் பதினொன்றரை, ஆம்பூர்

அரக்கோணத்திலிருந்து ஆம்பூர் நூற்றுப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். பச்சகுப்பம் தாண்டும்போதே ஊர் வருகிறது என்று மூக்கு சொல்லிவிடும். ஊறப்போட்ட தோலும் சுண்ணாம்பும் இன்னதென்று தெரியாத வேறு ஏதோவும் சேர்ந்த வாடை. வெளியூர்க்காரன் கைக்குட்டையைத் தேடுவான். உள்ளூர்க்காரன் அதே காற்றில் நின்று டீ குடிப்பான். டீ அறுபது பைசா. சர்க்கரை கம்மியாகப் போட்டு ஏமாற்றினானோ என்று பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

ரிக்‌ஷாக்காரர் வாணியம்பாடி ரோட்டில் இருக்கும் ஷெட்டுக்கு மூன்று ரூபாய் கேட்டார். ரொம்ப ஜாஸ்தி என்றேன். "நடந்து போனா ஒண்ணுமே குடுக்க வேணாம் சார்" என்றார். ஏறி உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் சுற்றித்தான் கொண்டுபோயிருப்பார் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு எண்ணம்.

எஸ்தர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு ஜோடி ஷூவோடு வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"இன்னாண்ணா, சொல்லாம கொள்ளாம? அம்மா அனுப்புச்சா?"

"சும்மா பாக்க வந்தேன்."

"நீ சும்மா எங்கியும் போற ஆளா?" என்றாள். ஆறு வருஷமாக அங்கே வேலை. மிஷினில் தைக்கப் போனவள், இப்போது ஃபினிஷிங் பிரிவுக்கே சூப்பர்வைசர். இரண்டு தோழிகளோடு மாடி அறை ஒன்றில் இருக்கிறாள். முதலாளியிடம் சொல்லி என்னை உள்ளே கூட்டிப்போனாள்.

தன் பிரிவைக் காட்டும்போது அவள் குரலே மாறிவிட்டது. நீளமான மேஜை, இரண்டு பக்கமும் பெண்கள். பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு ஷூவும் அவர்கள் கையைத் தாண்ட வேண்டும். இந்த ஆர்டர் முழுக்க ஜெர்மனிக்குப் போகும் டான்ஸ் ஷூ. அடிப்பாகம் ரப்பர் இல்லை, தோல். அதுவும் தோலின் சொரசொரப்பான உள்பக்கம் தரையில் படுகிற மாதிரி, பூனை முடி போல மெத்தென்று இருக்கும். எஸ்தர் ஒன்றைத் திருப்பிக் காட்டினாள்.

"இப்படியே அனுப்புனா பஞ்சு பஞ்சா அசிங்கமா இருக்கும். நாந்தான் எல்லாத்துக்கும் ஒரு கை மெழுகு போட்டுத் தேய்க்கச் சொன்னேன். கறை ஏறாது, தூசு ஒட்டாது. பொட்டியத் தொறந்தா எப்படி இருக்கும் பாரு!" என்றாள். தொட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆம்பூரில் முடி எழும்பிய தோலைப் பார்த்தால் யார் கையும் சும்மா இருக்காது. அது அரைகுறை வேலை என்று அவர்களுக்குக் கணக்கு.

முதலாளி கலீல் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்குப் பேஜாரில் இருந்தார். எனக்கு ஒரு நாற்காலி போட்டு, யாரிடமாவது புலம்ப வேண்டும் என்பதுபோல் ஆரம்பித்தார்.

"மொத லாட் திரும்பி வந்துடுச்சு சார். ஷூ வழுக்குதாம். ஆடறவங்க விழறாங்களாம். தோல் மட்டம்ங்கறாங்க. தோல் குடுத்தவரு பேர்ணாம்பட்டுக்காரர், என் தோஸ்து. அவரு சத்தியம் பண்றாரு, அதே தோல்தான்னு. இப்ப ஜெர்மனி கம்பெனிக்காரங்க ஒரு அம்மாவ அனுப்பியிருக்காங்க, அவங்க சாயங்காலமானா டான்ஸ் சொல்லிக்குடுக்கறாங்க. வியாழக்கெழமைக்குள்ள காரணம் தெரியலேன்னா ஆர்டர் கேன்சல். யார் செக்‌ஷன்ல தப்போ அவங்க வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டேன். தோல்ல தப்புன்னா தோஸ்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"அந்த அம்மா டான்ஸ் எதுக்கு சார் சொல்லிக்குடுக்கறாங்க?"

"செய்யறவங்களுக்கு ஆடத் தெரிஞ்சாத்தான் தப்பு எங்கன்னு தெரியுமாம். நான் கண்டிஷன் போட்டுட்டேன். கதவு தெறந்திருக்கணும். பொம்பளைங்க பொம்பளைங்களோட. ஆறு மணிக்கு கேட்டு பூட்டிடுவோம்."

வெள்ளைக்காரன் யாரும் இல்லை என்று தெரிந்ததும் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி இறங்கவில்லை. விலையைக் குறைக்க வந்தவள் இப்படி நாடகம் ஆடுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. டிக்கெட் இல்லாதவன்தான் தூங்குகிற மாதிரி படுத்திருப்பான். நான் பார்க்காததா?

மாலை ஐந்தேகால், பேக்கிங் கொட்டகை

அந்த அம்மாள் பெயர் மார்த்தா. எங்கள் பெரியம்மா பெயரும் அதுவே. கொலம்பியாவில் பிறந்து ஜெர்மனியில் குடியேறினவள். கருகருவென்று சுருள் முடி, நாற்பது வயது, பருத்திப் பாவாடை. உள்ளூரில் ஒரு சேலை கட்டி விட்டால் நம் ஜனத்தில் கலந்துவிடுவாள். அவளுக்கும் எனக்கும் ஒரே அளவு அரைகுறை இங்கிலீஷ், அதனால் நன்றாகப் பேசிக்கொள்ள முடிந்தது.

ஆட்டத்தின் பெயர் சால்சா என்றாள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? எங்கள் பாஷையில் குழம்பு என்றாள். யாராவது ஆட்டத்துக்குக் குழம்பு என்று பெயர் வைப்பார்களா? மனதில் குறித்துக்கொண்டேன்.

டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டாள். டிரம்பெட், தோல் கொட்டு, நடுவே மாட்டு மணி போல ஒரு சத்தம். பெண்கள் எதிரெதிர் வரிசையாக நின்றார்கள். சிரிப்பு, கூச்சம், முந்தானையைச் செருகிக்கொள்வது. மார்த்தா கை தட்டி எண்ணினாள்: "ஒன், டூ, த்ரீ... ஃபைவ், சிக்ஸ், செவன்..."

எனக்குச் சுருக்கென்றது. நாலு எங்கே? எட்டு எங்கே? மறுபடி கவனித்தேன். மறுபடியும் காணோம். ரிசர்வேஷன் சார்ட்டில் எட்டுப் பேர் பெயர் இருந்து ஆறு பேர்தான் உட்கார்ந்திருந்தால் நான் விடுவேனா? எழுந்து நின்று கேட்டேவிட்டேன்.

"நாலு இருக்கிறது" என்றாள் மார்த்தா. "அதில் கால் எடுத்து வைக்கக் கூடாது. மூன்றில் வைத்த காலில் உடம்பு போய் உட்கார அவகாசம் வேண்டும். அதற்குத்தான் நாலு."

சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தாள். எனக்குப் பத்தாம் நம்பர் கால். ஆம்பூரில் அந்தக் காலுக்கு ஆளில்லையாம். ஆண்கள் ஷூவைப் போட்டுப் பார்க்க ஒருவரும் அகப்படவில்லை. பெண்கள் போட்டிருந்ததெல்லாம் எஸ்தரின் மேஜைக்கு வருமுன் பாதியில் எடுத்தவை. பத்தாம் நம்பர் மட்டும் பேக்கிங் முடிந்த பெட்டியில்தான் இருந்தது. பிரித்து என் முன்னால் வைத்தாள்.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்றால், அவள் பொய்யைப் பிடிக்கத்தான். இந்த ஷூ வழுக்காது என்று நானே காட்டிவிட்டால் அவள் வாய் அடைபட்டுவிடும். ஜோடி யார் என்று பார்த்தார்கள். எனக்கு ஜோடியாக அந்தக் கொட்டகையில் எஸ்தரைத் தவிர வேறு யார் நிற்க முடியும்? அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். "அண்ணா, என் கால மிதிச்சே, அவ்வளவுதான்" என்றாள்.

ஒன்றில் இடது கால் முன்னே. இரண்டில் வலது கால் நின்ற இடத்திலேயே ஒரு அடி. மூன்றில் இடது கால் திரும்ப நடுவுக்கு. நாலில் சும்மா இரு. ஐந்தில் வலது கால் பின்னே, ஆறில் இடது கால் இருந்த இடத்திலேயே, ஏழில் வலது கால் நடுவுக்கு. எட்டில் சும்மா இரு. சொல்வதற்கு எளிது. எனக்கு அந்தச் சும்மா இருப்பதுதான் வரவில்லை. நாலு வந்ததும் கால் தானாக எதையாவது செய்தது. எஸ்தர் மேல் இரண்டு முறை மோதினேன். ஆனாலும் வழுக்கவில்லை. கலீல் பாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா! பேக்கிங் ஆன ஷூ! எங்க வழுக்குது?" என்று கத்தினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

மார்த்தா அசரவில்லை. என்னைச் சுற்றி வந்து முழங்காலைப் பார்த்தாள். "இவர் ஆடவில்லை. ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டிருக்கிறார்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் லாட்ஜுக்குப் போய் யோசித்தால் அவள் சொன்னது சரி. ஆடும் பெட்டியில் இத்தனை வருஷமாக நின்று பழகினவன் ஒரு காலில் முழு உடம்பையும் வைக்கவே மாட்டான். இரண்டு காலையும் அகட்டி, பாதிப் பாதி பாரத்தில்தான் நிற்பான். ஒரு காலை நம்பினால் அடுத்த வளைவில் பயணி மடியில் உட்கார வேண்டியதுதான். லாட்ஜ் வாடகை இருபது ரூபாய், கொசு இலவசம். பிரியாணி ஒன்பது ரூபாய். குறை சொல்லலாம் என்று கடைசிப் பருக்கை வரை தேடினேன், கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பகல் சாப்பாட்டு வேளை

எஸ்தர் சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு என்னைக் கொட்டகைக்கு இழுத்துப்போனாள். டான்ஸ் ஷூ இல்லை, வெறுங்கால்தான். கேசட்டும் இல்லை, வாயால்தான் எண்ணினாள்.

"மொத்த பாரத்தையும் முன்னங்கால்ல போடுண்ணா. பின்னங்கால் காலி. காலியாத் தூக்க வரணும்."

"விழுந்துட்டா?"

"விழுந்தா எழுந்துக்க. இன்னா இப்ப?"

அவளுக்கு எல்லாம் வந்திருந்தது. சின்ன அடி, பார்வை நேராக, நாலில் ஒரு மூச்சு. வீட்டில் கூடத்தைத் தாண்டும்போதுகூடத் தலை குனிந்து போகிற பெண் இவள். இவளா இப்படி நிமிர்ந்து நிற்கிறாள் என்று எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது. அதைவிட, சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேளை முடிவதற்குள் எனக்கும் ஒரு மாதிரி பிடிபட்டது. நாலில் நிற்க முடிந்தது. நின்றபோது இடது காலில் என் எழுபத்தெட்டுக் கிலோவும் இருந்ததை உணர்ந்தேன்.

"நம்ம அம்மா இதப் பாத்தா?" என்றாள்.

"நீ வீட்டுக்கு வரணும்னுதான் அனுப்புனாங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்று தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாலை ஐந்தரை

அந்தப் பெட்டி ஷூவையே மறுபடி மாட்டிக்கொண்டேன். அன்று கேசட் ஓட ஆரம்பித்ததும் மாட்டு மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நிறுத்தம். ஐந்து, ஆறு, ஏழு, நிறுத்தம். வந்துவிட்டது! மார்த்தா கை தட்டினாள். கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னாள். வலது காலைப் பின்னே வைத்து, மொத்த உடம்பையும் அதன் மேல் போட்டேன். அவ்வளவுதான். கால் எங்கோ போனது, நான் எங்கோ போனேன். மல்லாக்க விழுந்து பின்மண்டையில் இடித்துக்கொண்டேன்.

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. எனக்கு மண்டைக்குள் ஒரே எண்ணம்: எவனோ எண்ணெய் தடவி வைத்திருக்கிறான். என்னை அவமானப்படுத்த யாரோ செய்த வேலை. உட்கார்ந்தபடியே ஷூவைக் கழற்றி அடியைத் திருப்பினேன். நகத்தால் சுரண்டினேன். நகத்துக்குள் வெள்ளையாகச் சேர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் இல்லை.

தலையைத் தூக்கினால் எஸ்தர் முகம். அவள் என் நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்த நொடியில் புரிந்துவிட்டது. அவள் பெருமையாகச் சொன்ன அந்த ஒரு கை மெழுகுதான். மார்த்தா மேல் விழுந்த சந்தேகம், பேர்ணாம்பட்டுக்காரர் மேல் விழுந்த சந்தேகம் எல்லாம் வீண்.

என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் கலீல் பாய் சொன்னபடி அவள் வேலை போகும், அம்மா கேட்டபடி நாளைய வண்டியில் அவள் என்னோடு வருவாள். நான் வந்த காரியமே அதுதானே? ஆனால் அவள் முகத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

"கால் தடுக்கிடுச்சு" என்றேன்.

கலீல் பாய் நம்பினார். மார்த்தா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஆறரை மணி, பாலாறு

பாலம் வரை நடந்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலும், நடுவே நுரை கட்டின ஒரு கறுப்பு ஓடையும்தான். எஸ்தர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நாளைக்குக் காலையில நானே சொல்லிடப் போறேன்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? வேலை போய்டும். சும்மா இரு. நைசா மெழுகு போடறத நிறுத்திடு. அடுத்த லாட் சரியா இருக்கும், யாருக்கும் தெரியாது."

"பேர்ணாம்பட்டுக்காரருக்கு? அவர் தோல் மட்டம்னு ஊரெல்லாம் பேச்சாப் போச்சு. இனிமே யார் வாங்குவாங்க அவருகிட்ட?"

"அவர் உனக்கு மாமனா மச்சானா?"

"அப்ப நாளைக்கு வேற எவளாவது தப்புப் பண்ணா நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேப்பேன்? நான் சூப்பர்வைசர்ண்ணா."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், வேலையை விடச் சொல்லி அழைத்துப்போக வந்தவன் நான். பாலத்தின் மேல் நின்று, வேலையைக் காப்பாற்றிக்கொள் என்று அவளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். "வேலை போனா இன்னா பண்ணுவ? சொல்லு" என்று கத்தினேன்.

"போனா உன் கூட வந்துடறேன். அதுக்குத்தான வந்த?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

புதன்கிழமை, காலை எட்டரை

எல்லாரும் வேலையில் உட்காருவதற்கு முன்பே எஸ்தர் கலீல் பாயிடம் போனாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"சார், தோல்ல ஒண்ணும் தப்பில்ல. தைக்கறதுலயும் இல்ல. அடிக்கு மெழுகு போடச் சொன்னது நான். அதான் வழுக்குது. சேம்பிள்ல மெழுகு இல்ல. அழகா இருக்கட்டும்னு நானே போட வெச்சேன்."

கலீல் பாய் முகம் சிவந்தது. "யார கேட்டும்மா போட்ட?" என்று மேஜையில் அடித்தார். அப்புறம் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மனுசன எவ்வளவு பேசிட்டேன்..." என்றார். உடனே பேர்ணாம்பட்டுக்கு ட்ரங்க் கால் போடச் சொன்னார்.

மார்த்தாவுக்கு நான்தான் இங்கிலீஷில் விளக்கினேன். அவள் நேராக மெக்கானிக் அறைக்குப் போய், துரு சுரண்டும் கம்பி பிரஷ் ஒன்றை எடுத்து வந்தாள். பெட்டியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து அடியை வறட் வறட்டென்று தேய்த்தாள். மெழுகு தூளாக உதிர்ந்தது. அடியில் முடி எழும்பி மறுபடி பஞ்சு மாதிரி ஆனது. போட்டுக்கொண்டு கேசட் இல்லாமலே ஆடினாள், சுழன்றாள், நின்றாள். நின்ற இடத்தில் நின்றாள். பிறகு அந்தப் பிரஷை எஸ்தர் கையில் கொடுத்தாள்.

கலீல் பாய் தீர்ப்புச் சொன்னார். "வீட்டுக்குப் போகச் சொல்ல மாட்டேன். தானா வந்து சொன்னா. ஆனா சூப்பர்வைசர் கோட்டக் கழட்டிக் குடுத்துடட்டும். அத்தன பொட்டியும் பிரிச்சு எல்லாத்தையும் தேய்ச்சு முடிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அவமானம்தான். ஆறு வருஷம் பாடுபட்டு வாங்கின கோட்டு. அவள் அதைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தாள். அவளை வாசலுக்கு இழுத்துப் போய், "போதும், கெளம்பு. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

"வேலைதான் போகலியேண்ணா" என்றாள். "நான் எதுக்கு வரணும்?"

உள்ளே போய் மேஜையின் கடைசியில், புதிதாகச் சேர்ந்தவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். முதல் ஷூவைத் திருப்பினாள். தானே பளபளப்பாக்கியதைத் தானே சுரண்டினாள். மற்றப் பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக ஒரு பிரஷைத் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கலீல் பாய் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்.

நான் அன்று திரும்பவில்லை. ஆண்கள் ஜோடியைப் போட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்று மார்த்தா கேட்டுக்கொண்டாள். தேய்த்து முடித்த பத்தாம் நம்பர் ஜோடிகளை ஒவ்வொன்றாக மாட்டி, பின்னங்காலில் முழு பாரமும் போட்டு ஆடிக் காட்டினேன். வழுக்குமோ வழுக்குமோ என்ற பயம் சாயங்காலம் வரை போகவில்லை. ஆனாலும் காலை வைத்தேன். அது நின்றது. கடைசியில் கேசட்டைப் போட்டார்கள். எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். கை முழுக்கக் கம்பி கிழித்த கோடு. இரண்டு பேரும் ஒரு தவறில்லாமல் அந்தப் பாட்டு முடியும் வரை ஆடினோம்.

வியாழக்கிழமை, அரக்கோணம்

ஆர்டர் கேன்சல் ஆகாது என்று மார்த்தா எழுதிக் கொடுத்துவிட்டதாகக் காலையில் சொன்னார்கள். எஸ்தர் ஸ்டேஷனுக்கு வரவில்லை. வேலை நேரம். வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பார்த்தேன். திருவலம் பாலத்தில் விழப் பார்த்தேன். ரயிலில் நிற்கும் வித்தை வேறு, ஷெட்டில் நிற்கும் வித்தை வேறு. இரண்டையும் கலக்கக் கூடாது. ஆம்பூர் வாடை சட்டையில் அரக்கோணம் வரை கூடவே வந்தது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். என் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"எங்கடா அவ?"

"அவளுக்கு வேலை இருக்குதும்மா. முடிக்காம வர மாட்டா. நானும் கூப்பிட மாட்டேன்."

"நான் கேட்டது அது இல்ல. ஆடறாளா இல்லியா? அதச் சொல்லு."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

"ஆடறா. நல்லாவே ஆடறா."

அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "யாரோடடா?"

"என்னோடம்மா" என்றேன்.